கல்லூரி பேஸ்பால் கேம்ப்: 200 டாலர் கட்டுவதற்கு முன்

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் பேஸ்பால் ஆடுகிறான். ஒரு டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல்மட்டம்) கல்லூரியிலிருந்து, “உன் ஆட்டத்தைக் கவனித்து வருகிறோம், எங்கள் பிராஸ்பெக்ட் கேம்ப்புக்கு வா” என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. கல்லூரி அணிக்கு வரக்கூடிய பள்ளிப் பையன்களை ஆடவைத்துப் பார்க்கும் முகாம் அது; ஒரு நாளுக்கு 200 டாலர். போகலாமா? போனால் கல்லூரி அணியில் இடம் கிடைக்க அது உதவுமா?

உதவும். ஆனால் அங்கே இருக்கும் பயிற்சியாளருக்குப் பையனின் பெயர் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கேம்ப் என்பது யாரென்றே தெரியாத ஆட்டக்காரனைக் கண்டுபிடிக்கும் இடம் என்றுதான் பெற்றோர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது முன்பே பட்டியலில் இருக்கும் பத்துப் பதினைந்து பேரைப் பக்கத்தில் நிறுத்திச் சரிபார்க்கும் இடம். மற்ற நூறு பேர் கட்டணம் கட்டி வந்தவர்கள்.

முதலில் அந்த மின்னஞ்சலை இன்னொரு முறை படியுங்கள். பையனின் பெயர் மேலே இருக்கும். அதை மென்பொருள் போட்டிருக்கும். ஏதோ ஒரு ஷோகேஸில் (பல கல்லூரிகள் பார்க்க ஆடிக்காட்டும் நிகழ்ச்சி) பதிவு செய்தபோதோ, கல்லூரியின் இணையதளத்தில் கேள்விப் படிவம் நிரப்பியபோதோ கொடுத்த முகவரிக்குத்தான் அது வந்திருக்கும். “தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு மட்டும்”, “இடங்கள் வேகமாக நிரம்புகின்றன” என்றெல்லாம் எழுதியிருக்கும். இப்போது பதிவுப் பக்கத்தைத் திறந்து கடைசிவரை இறக்கிப் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: எண்ணிக்கை, வயது, வகுப்பு, பாலினம் ஆகியவை தவிர வேறு வரம்பில்லாமல் இந்தக் கேம்ப் எல்லோருக்கும் திறந்தது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி கல்லூரி நடத்தும் கேம்ப் அப்படித்தான் இருக்க வேண்டும். மேலே “உனக்கு மட்டும்”, கீழே “யாரும் வரலாம்”. கீழே இருப்பதுதான் உண்மை.

இன்னொரு விதியும் இருக்கிறது. பெற்றோரை அதிகம் குழப்புவது அதுதான். டிவிஷன் 1 பேஸ்பாலில், பையன் பதினோராம் வகுப்புக்குப் போகும் ஆண்டின் ஆகஸ்ட் 1-ஆம் தேதிக்கு முன் பயிற்சியாளர்கள் அவனோடு ரெக்ரூட்டிங் (அணிக்கு ஆள் எடுப்பது) பற்றிப் பேசவோ, தனிப்பட எழுதவோ கூடாது. 2023 முதல் இருக்கும் ஏற்பாடு இது. அதற்கு முன் அவர்கள் அனுப்பக்கூடியவை மிகச் சில: கேள்விப் படிவம், கேம்ப் அறிவிப்பு, கல்லூரி பற்றிய பொதுவான தகவல். ஆக, பத்தாம் வகுப்புப் பையனை உண்மையாகவே விரும்பும் கல்லூரியும் கேம்ப் அறிவிப்பைத்தான் அனுப்ப முடியும். அவன் யாரென்றே தெரியாத கல்லூரியும் அதே அறிவிப்பைத்தான் அனுப்பும். இதை வைத்துக்கொண்டு ஆர்வம் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்தத் தேதிக்கு முன் கேம்ப்புக்குப் போனாலும் “கையை இன்னும் மேலே கொண்டுவந்து எறி” என்று சொல்லித் தரலாமே தவிர, “உனக்கு இங்கே இடம் உண்டு” என்று சொல்லக் கூடாது. டிவிஷன் 2-இல் இந்தக் கதவு பதினோராம் வகுப்புக்கு முந்தைய ஜூன் 15-இலேயே திறந்துவிடும். டிவிஷன் 3-இல் இவ்வளவு கெடுபிடி கிடையாது. ஒன்பதாம் வகுப்புப் பையனின் மின்னஞ்சலுக்கும் பயிற்சியாளர் பதில் எழுதலாம்.

ஏன் இத்தனை கேம்ப்? பணம்தான் முதல் காரணம், அதில் ஒளிவுமறைவும் இல்லை. 2023 ஜூலை வரை டிவிஷன் 1 பேஸ்பால் அணியில் தலைமைப் பயிற்சியாளர், சம்பளம் வாங்கும் இரண்டு உதவியாளர்கள், இவர்களோடு ‘தன்னார்வப் பயிற்சியாளர்’ என்று ஒருவர் இருப்பார். முழுநேர வேலை, கல்லூரிச் சம்பளம் கிடையாது. கேம்ப் வருமானத்தில் வரும் பங்குதான் அவருக்கு வீட்டு வாடகை. அந்தப் பதவியை ஊதியம் பெறும் பதவியாக மாற்றிய பிறகும் கேம்ப் பழக்கம் போகவில்லை. பல இடங்களில் கேம்ப்பை நடத்துவது கல்லூரியல்ல, தலைமைப் பயிற்சியாளரின் பெயரில் பதிவான தனி நிறுவனம். காசோலை யார் பெயருக்குப் போகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். 120 பேர், ஆளுக்கு 200 டாலர் என்றால் ஒரே நாளில் 24,000 டாலர். இது ஏமாற்று வேலை இல்லை. சேவை கொடுக்கிறார்கள், காசு வாங்குகிறார்கள். அந்தச் சேவை என்ன என்பதில்தான் தெளிவு வேண்டும்.

இடக்கணக்கையும் போட்டுப் பாருங்கள். பள்ளி அளவில் பேஸ்பால் ஆடுபவர்களில் என்.சி.ஏ.ஏ. அணி எதிலாவது சேருபவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில். டிவிஷன் 1 மட்டும் என்றால் இரண்டு பேர் அளவில். முன்பு டிவிஷன் 1 அணி ஒன்றுக்கு 11.7 முழு ஸ்காலர்ஷிப் அளவுப் பணம்தான். அதை அணியில் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ‘முழு ஸ்காலர்ஷிப்பில் பேஸ்பால்’ என்பதே அபூர்வம். 2025-26 முதல், என்.சி.ஏ.ஏ. மீது ஆட்டக்காரர்கள் தொடுத்த ‘ஹவுஸ்’ வழக்கின் சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் வரம்பு போய்விட்டது, அதற்குப் பதில் அணியில் 34 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று வந்துவிட்டது. பணக்காரக் கல்லூரிக்கு இது கொண்டாட்டம். அணியின் ஓரத்தில் இடம்பிடிக்கலாம் என்று இருந்த பையன்களுக்குத்தான் அடி.

இதற்கு மேல் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல், அதாவது கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் பட்டியல். 2018 அக்டோபரில் தொடங்கியது. 2021-இல் ஒருமுறை மாறினால் ஒரு சீசன் ஆடாமல் உட்கார வேண்டியதில்லை என்றானது. 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. எம்.எல்.பி. (தொழில்முறை லீக்) அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்ட்டும் 40 சுற்றிலிருந்து 20 சுற்றாகச் சுருங்கிவிட்டதால், முன்பு தொழில்முறைக்குப் போயிருக்க வேண்டியவர்களும் கல்லூரியிலேயே இருக்கிறார்கள். 18 வயதுப் பையனை இரண்டு வருடம் வளர்ப்பதைவிட, கல்லூரி அளவில் முன்பே அடித்துக் காட்டிய 21 வயது ஆளைக் கொண்டுவருவது பயிற்சியாளருக்குச் சுலபம். ஆண்டுக்குப் பத்து இடம் காலியாகிறது என்று வைத்துக்கொண்டால், போர்ட்டலுக்கும் ஜூனியர் கல்லூரிக்கும் (இரண்டாண்டுக் கல்லூரி) போக, பள்ளிப் பையன்களுக்கு நாலைந்து மிஞ்சும். அதிலும் ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவர்) ஒன்று இருந்தால் பெரிது.

கேம்ப் நாள் எப்படிப் போகும் என்று தெரிந்தால் இது இன்னும் புரியும். காலை எட்டரைக்குப் பதிவு, முதுகில் எண் ஒட்டுவார்கள். உடம்பைச் சூடாக்கியதும் 60 கஜ ஓட்டம், அதாவது சுமார் 55 மீட்டர், இரண்டிரண்டு பேராக. பிறகு அவுட்ஃபீல்டர்கள் (எல்லைப் பக்கம் நிற்பவர்கள்) ரைட் ஃபீல்டிலிருந்து மூன்றாம் பேஸுக்கும் ஹோமுக்கும் நாலைந்து பந்து எறிவார்கள். இன்ஃபீல்டர்களுக்கு (பேஸ்களுக்கு அருகில் நிற்பவர்கள்) ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ஐந்தாறு தரைப்பந்து. கேட்ச்சர்கள் (நம் விக்கெட் கீப்பர் மாதிரிதான், ஆனால் ஒவ்வொரு பந்தும் அவர் கையில்) இரண்டாம் பேஸுக்கு எறிவதை ஸ்டாப்வாட்ச்சில் அளப்பார்கள். அதன்பின் பேட்டிங், இரண்டு சுற்று, சுற்றுக்கு ஆறேழு வீச்சு. பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) புல்பென் என்ற பயிற்சி இடத்தில் இருபது இருபத்தைந்து பந்து, பின்னால் வேகம் அளக்கும் ரேடார் கன். மதியம் ஆட்டம் என்று ஒன்று இருந்தால் உங்கள் பையனுக்கு இரண்டு தடவை பேட் செய்யக் கிடைக்கும். நடுவில் கல்லூரி வளாகத்தைச் சுற்றிக் காட்டுவதும் தலைமைப் பயிற்சியாளரின் பேச்சும் உண்டு. எல்லாம் கூட்டினால் நாள் முழுவதிலும் பையன் பார்வையில் இருப்பது பத்து நிமிடத்துக்குள். அந்தப் பத்து நிமிடமும் அவனைப் பார்ப்பது ரெக்ரூட்டிங் பொறுப்பில் இருக்கும் உதவியாளராக இருக்கலாம், அன்றைக்கு உதவிக்கு வந்த பக்கத்துக் கல்லூரிப் பயிற்சியாளராகவும் இருக்கலாம்.

பத்து நிமிடத்தில் பட்டியலில் இல்லாத பையன் கண்ணில் படவே மாட்டானா? படுவான், எண் பேசினால். டிவிஷன் 1 என்றால் ஏறக்குறைய இந்த அளவு: வலதுகை பிட்சர் மணிக்கு 87-90 மைலும் அதற்கு மேலும், அதாவது 140 கிலோமீட்டருக்குக் குறையாமல், கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு அந்த வேகம் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இடதுகை என்றால் இரண்டு மூன்று மைல் குறைந்தாலும் பொறுப்பார்கள். 60 கஜம் 6.9 விநாடிக்குள், சென்டர் ஃபீல்டருக்கு 6.7. பேட்டிலிருந்து பந்து கிளம்பும் வேகம் 90 மைலுக்கு மேல். ஷார்ட்ஸ்டாப் குறுக்கே எறிவது 85 மைல். கேட்ச்சருக்குப் பந்து கையுறையில் பட்டதிலிருந்து இரண்டாம் பேஸில் பிடிக்கும்வரை 2.0 விநாடி. தூரம் 127 அடிதான், 2.0-க்கும் 2.2-க்கும் உள்ள வித்தியாசத்தில் ஓடுபவர் பத்திரமாகச் சறுக்கிப் போய்விடுவார். 7.4 விநாடியில் ஓடி, 78 மைலில் எறியும் பையன் அந்த மைதானத்தில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் உதவியாளரின் பேனா நகராது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை; அங்கே அளக்கப்படுவது அதுதான். அடுத்த பந்து எங்கே வரும் என்று முன்னமே ஊகித்து நிற்கும் பையன், இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகும் (மூன்றாவது விழுந்தால் அவுட்) ஆறு பந்தைத் தட்டித் தாக்குப்பிடிக்கும் பையன், இவர்களுக்குக் கேம்ப் சரியான மேடையே இல்லை. இவர்களை ஆட்டத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே கேம்ப்புக்கு முன்னால் வீட்டிலேயே அளந்துவிடுங்கள், நேர்மையாக. அப்பா கையில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் எப்போதும் கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும்; லேசர் வைத்து அளக்கும் இடத்தில் ஒருமுறை ஓடவைப்பது நல்லது.

இனி கேம்ப் உண்மையில் பயன்படும் இடங்கள். முதலில் டிவிஷன் 3. விளையாட்டுக்கென ஸ்காலர்ஷிப் கிடையாது என்பதால் நம் பெற்றோர் பலர் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரிய தவறு. ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், டஃப்ட்ஸ், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், எமரி, எம்.ஐ.டி. எல்லாமே டிவிஷன் 3 பேஸ்பால்தான். பல டிவிஷன் 3 அணிகளில் முழுநேரப் பயிற்சியாளர் ஒருவர், மற்றவர்கள் பகுதிநேரம். நாடு முழுக்கச் சுற்றிப் பார்க்கப் பணம் இல்லை. பையன் அவர் மைதானத்துக்கே வந்து நின்றால் அவருக்கு அது நிஜமான உதவி. படிப்பில் கெட்டியான கல்லூரிகளில் அட்மிஷன் அலுவலகம்தான் முதல் வடிகட்டி. பையன் பதினோராம் வகுப்பு முடித்த கோடையில், ஜூலை முதல், பயிற்சியாளர் அவனுடைய மதிப்பெண் பட்டியலை அங்கே காட்டி ‘இவன் தேறுவானா’ என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வார். தேறுவான் என்றால் நவம்பரில் ‘ஏர்லி டிசிஷன்’ என்ற முன்கூட்டிய விண்ணப்பம் போடச் சொல்வார். அவர் பரிந்துரைக்கக்கூடிய இடங்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. ஆகவே இந்தக் கல்லூரிகளுக்கு அந்த ஜூன், ஜூலை, ஆகஸ்ட் கேம்ப்தான் முக்கியம். ஒன்பதாம் வகுப்பில் போவது வளாகம் பார்க்கத்தான் உதவும்.

படிப்பு சார்ந்த கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் பலரை ஒரே இடத்தில் கூட்டும் ஹெட்ஃபர்ஸ்ட் போன்ற முகாம்களும் இருக்கின்றன. கட்டணம் அதிகம், பயணமும் தங்கலும் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஆனால் பத்துக் கல்லூரிக்குத் தனித்தனியாகப் பறப்பதோடு ஒப்பிட்டால் கணக்கு சரியாக வரும். பையனின் மதிப்பெண் அந்தக் கல்லூரிகளின் வாசலுக்காவது எட்ட வேண்டும், அவ்வளவுதான். பர்ஃபெக்ட் கேம், பிரெப் பேஸ்பால் என்ற நிறுவனங்கள் நடத்தும் ஷோகேஸ்கள் வேறு ரகம்: அங்கே முக்கியமாக வாங்குவது நம்பகமான எண்களும் இணையத்தில் நிற்கும் ஒரு பக்கமும். ஒருமுறை, எண்கள் நன்றாக இருக்கும் நேரத்தில் போனால் போதும். மெதுவான ஓட்டமும் அந்தப் பக்கத்தில் நிற்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஜூனியர் கல்லூரி, என்.ஏ.ஐ.ஏ. (பெரும்பாலும் சிறிய கல்லூரிகளின் தனி அமைப்பு) கேம்ப்களை மலிவாக எண்ண வேண்டாம். இரண்டாண்டுக் கல்லூரிகளில் ஒவ்வொரு வருடமும் பாதி அணி வெளியேறும், இடம் இருந்துகொண்டே இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு வசந்தத்தில்கூட ஆள் எடுப்பார்கள். பின்னாளில் எம்.எல்.பி. நட்சத்திரமான ஆல்பர்ட் புஹோல்ஸ் போனது மேப்பிள் வுட்ஸ் என்ற சமுதாயக் கல்லூரிக்குத்தான். அங்கிருந்து 1999 டிராஃப்ட்டில் 13-ஆம் சுற்றில் எடுத்தார்கள்.

டிவிஷன் 1 கேம்ப்புக்கு வருவோம். காசு கட்டுவதற்கு முன் இந்த வேலைகள் முடிந்திருக்க வேண்டும். கல்லூரியின் அணிப் பட்டியலைத் திறந்து, பையன் ஆடும் இடத்தில் எத்தனை பேர், எந்த ஆண்டு, எங்கிருந்து வந்தவர்கள் என்று எண்ணுங்கள். முதலாண்டு ஆட்டக்காரர்கள் எல்லோரும் அதே மாநிலத்துக்காரர்களாக இருக்க நீங்கள் மூவாயிரம் மைல் தள்ளி இருந்தால், அங்கேயே பதில் இருக்கிறது. பாதி அணி மற்ற கல்லூரியிலிருந்து மாறி வந்தவர்கள் என்றாலும் அப்படித்தான். அடுத்து, ரெக்ரூட்டிங் ஒருங்கிணைப்பாளருக்குப் பையனே எழுத வேண்டும், அப்பா அல்ல. தலைப்பு வரியிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, மைதானத்தில் ஆடும் இடம், எந்தக் கை, ஊர். உள்ளே உயரம், எடை, ஜி.பி.ஏ. (பள்ளி மதிப்பெண் சராசரி), அளந்த எண்கள், அடுத்த இரண்டு மாத ஆட்ட அட்டவணை, டிராவல் டீம் (பள்ளிக்கு வெளியே ஊர் ஊராகப் போய் ஆடும் அணி) கோச்சின் தொலைபேசி, வீடியோ இணைப்பு. வீடியோ இரண்டு மூன்று நிமிடம் போதும். பேட்டிங் என்றால் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும், பிட்சிங் என்றால் பக்கவாட்டிலிருந்தும் கேட்ச்சருக்குப் பின்னாலிருந்தும். பாட்டு வேண்டாம், நிறையப் பயிற்சியாளர்கள் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். வெட்டி ஒட்டாமல் தொடர்ச்சியாகப் பத்து வீச்சு இருந்தால் நம்பிக்கை வரும்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது: டிராவல் டீம் கோச்சோ பள்ளிக் கோச்சோ அந்த உதவியாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேட்க வேண்டும். “இந்தப் பையன் உங்கள் பட்டியலில் இருக்கிறானா? அவன் வகுப்பில் இந்த இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கிறீர்களா?” பையனிடம் நேரே பேச முடியாத காலத்தில் அவர்கள் பேசுவது இந்தக் கோச்சுகளிடம்தான். “ஆமாம், அக்டோபரில் ஆடியதைப் பார்த்தோம், இடதுகை ஆட்களுக்கு எதிராக எப்படி அடிக்கிறான் என்று பார்க்க வேண்டும்” என்று பதில் வந்தால் உடனே பதிவு செய்யுங்கள். “வரச் சொல்லுங்கள், நல்ல அனுபவமாக இருக்கும்” என்று வந்தால் அந்த 200 டாலரில் ஒரு மாதம் பேட்டிங் பயிற்சிக்குப் போகலாம்.

குளிர்காலக் கேம்ப் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. அக்டோபர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிவரை டிவிஷன் 1 பயிற்சியாளர்கள் பெரும்பாலும் வளாகத்துக்கு வெளியே போய் ஆள் பார்க்க முடியாது. அதனால் ஆட்களை வளாகத்துக்கு வரவைக்கிறார்கள்; டிசம்பர், ஜனவரியில் கேம்ப் குவிவது இதனால்தான். ஆனால் அந்த மாதங்களில்தான் பிட்சரின் கை ஓய்வில் இருக்க வேண்டும். எம்.எல்.பி.யும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டல், வருடத்தில் நான்கு மாதமாவது போட்டிப் பிட்சிங் கூடாது, அதில் தொடர்ச்சியாக இரண்டு மூன்று மாதம் தலைக்கு மேல் கை தூக்கி எறிவதே கூடாது என்கிறது. ஆறு வாரம் எறியாமல் இருந்த 16 வயதுப் பையன், ஜனவரிக் குளிரில், உள்ளரங்கில், பின்னால் ரேடார் கன் இருக்க, முழுப் பலத்தோடு இருபது பந்து எறிகிறான். எண் இரண்டு மைல் குறைவாகத்தான் வரும், முழங்கையின் உள்பக்கத் தசைநார் பாடுபடும். இரண்டு வகையிலும் நஷ்டம். கட்டாயம் போக வேண்டிய கேம்ப் என்றால் அதற்கு எட்டு வாரம் முன்பே மெல்ல எறியத் தொடங்கி, தூரத்தைக் கூட்டி, கடைசி மூன்று வாரம் புல்பென் போட்டுத் தயாராக வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் “இந்த மாதம் எறிவதில்லை, பேட்டிங் மட்டும் செய்கிறேன்” என்று முன்னதாகவே எழுதிவிடலாம். நல்ல பயிற்சியாளர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

கேம்ப் அன்று பையன் தான் ஆடும் இடமாக ஒன்றை, அதிகம் போனால் இரண்டைச் சொல்லட்டும். ‘எங்கே போட்டாலும் ஆடுவேன்’ என்றால் எங்கேயும் சரியாகப் பார்க்க மாட்டார்கள். ஒரு தரைப்பந்தை விட்டுவிட்டால் அடுத்த பந்துக்கு எப்படி நிற்கிறான் என்பதைக் குறிப்பார்கள். அதே போலப் பையை யார் தூக்குகிறார், அம்மாவா பையனா என்பதையும். பெற்றோர் வேலிக்கு வெளியே, முடிந்தால் கொஞ்சம் தள்ளியே இருங்கள். மைதானத்துக்குள் குரல் கொடுப்பதும், முடிந்ததும் பயிற்சியாளரைப் பிடித்துக்கொண்டு “சார், எங்க பையன் எப்படி?” என்று கேட்பதும் கெடுதல்தான் செய்யும்.

கேம்ப் முடிந்து ஒரு மதிப்பீட்டுத் தாள் வரலாம். பல இடங்களில் அது வந்த எல்லோருக்கும் போகும் தாள். “நல்ல உழைப்பு, கையின் வேகம் கூட வேண்டும்” என்று யாருக்கும் பொருந்துகிற மாதிரி இருக்கும். அதை ஆர்வமாக எண்ண வேண்டாம். ஆகஸ்ட் 1 தாண்டிய பையன் என்றால் ஆர்வத்தின் அடையாளம் வேறு: தொலைபேசியில் அழைப்பார்கள், மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள், அடுத்த வாரம் எங்கே ஆடுகிறாய் என்பார்கள், வளாகத்துக்குத் தனியாக வரச் சொல்வார்கள். மறுநாளே பையன் நாலு வரி எழுதட்டும்: நன்றி, அன்று சொல்லித் தந்ததில் ஒன்று, அடுத்த ஆட்டங்களின் தேதி, பிறகு நேரடியாக ஒரு கேள்வி, “என் வகுப்புக்கான உங்கள் பட்டியலில் நான் எங்கே இருக்கிறேன்?” இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் இன்னொரு முறை எழுதலாம். அதற்கும் இல்லையென்றால், அல்லது பதிலாக அடுத்த கேம்ப்பின் அறிவிப்பு வந்தால், அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள்.